படுத்துக்கொண்டே வந்த பெருமாள்

புலிக்குப் பயந்தவர்களை மலாயாவின் பேராக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டிக்குப் பயந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் சிரிப்புக்குப் பயந்து நடுங்கிய மனிதர் என்று என் ஆயுசில் நான் கண்டது ஒருவரைத்தான். எங்கள் உம்மணா மூஞ்சிக் கங்காணி.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நடந்த கூத்து. ஈப்போவில் நாலெழுத்து இங்கிலீஷ் படித்துவிட்டு, தலையில் நடுவகிடும் மனசில் கர்வமுமாகப் பீடோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணியாகப் போய்ச் சேர்ந்தேன். விடிந்தும் விடியாமலும் ஆள்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பேர். முதல் நாள் பெரட்டிலேயே வரிசைக்கு முன்னால் அந்த முகத்தைப் பார்த்தேன். கறந்து வைத்த பால் திரிந்துபோகும், அப்படி ஒரு முகம். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். யாருக்கும் அது தெரியாது, கேட்கிற தைரியமும் இல்லை.

பக்கத்தில் யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் கங்காணி இடுப்பு மடியிலிருந்து ஒரு பச்சை மிளகாயை எடுத்து நறுக்கென்று கடிப்பார். கண்ணில் தண்ணீர் வரும், மூக்கில் தண்ணீர் வரும், சிரிப்பு மட்டும் வராது. துரைக்கு இந்தக் கண்டிப்பில் பரம திருப்தி. வேலையில் கண்ணாக இருக்கிறவன் இவன் ஒருவன்தான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

குட்டு உடைந்தது ஒரு கோழியால். பெரிய கிராணியார் மேஜைமேல் மல்லாத்தி வைத்திருந்த தொப்பிக்குள் அது முட்டையிட்டுவிட்டுப் போய்விட்டது. மனுஷர் கவனிக்காமல் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மஞ்சள் கரு காதோரம் வழிய வழிய, சுத்தம் சுகாதாரம் பற்றிக் கங்காணியை அதட்டிக்கொண்டிருந்தார். மிளகாய் கைக்கு வருவதற்குள் கங்காணியின் தொண்டையிலிருந்து களுக்கென்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். முழங்கால் மடங்கி, தலை தொங்கி, கொடியிலிருந்து நழுவிய வேட்டி மாதிரி தரையில் சரிந்தார்.

நான் ஓவென்று அழுதேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் ஓடிவந்து, இமையைத் தூக்கிப் பார்த்து, ஆள் முடிந்துபோனார், வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார். சொல்லி வாய் மூடவில்லை, பிணம் எழுந்து வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. டிரசர் அதை மன்னிக்கவே இல்லை.

பின்னாலேயே ஓடிப் போய்க் கேட்டேன். "நோயும் இல்ல, சாக்கிட்டும் இல்ல தம்பி," என்று தமிழிலும் மலாயிலுமாகச் சொன்னார். "சிரிச்சா கைகால் கழண்டுக்கும். நீங்க பேசுறது அத்தனையும் காதுல விழும், ஒரு வெரலத் தூக்க முடியாது." பல வருஷம் கழித்து ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். ரொம்ப அபூர்வமான கோளாறாம். சந்தோஷம் வந்தால் தசையெல்லாம் தளர்ந்துவிடுமாம். அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதர் எப்படிப்பட்ட பெண்ணைக் கட்டியிருக்க வேண்டும்? வாயில்லாப் பூச்சியை. இவர் கட்டியிருந்தது முத்தம்மா அக்காவை! அவள் வாயைத் திறந்தால் இழவு வீட்டில்கூட ஆள்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்குவார்கள். பெரிய கிராணியார் தூரத்தில் வந்தால், வயிறு வந்துருச்சு, ஆளு பின்னால வாராரு என்பாள். வீட்டில் கங்காணி நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் தரையில்தான், பக்கத்தில் ஒரு தலையணையோடு. ஏன் அண்ணே என்று கேட்டேன். விழுகிற தூரம் கம்மி என்றார்.

அப்புறம் வந்தது வினை. பக்கத்துத் தோட்டத்தில் வலிப்புக்காரன் ஒருவன் அடுப்பில் விழுந்து வெந்துபோனான். எங்கள் துரை பயந்துபோய் உத்தரவு போட்டார்: ஈப்போவிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வந்து எல்லாரையும் பார்ப்பார், வலிப்பு உள்ளவர்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிட வேண்டும். டிரசர் முதல் பெயராகக் கங்காணியைக் கொடுத்தார். தான் செத்தார் என்று சொன்ன ஆள் நடமாடிக்கொண்டிருப்பது அவர் தொழிலுக்கு இழுக்கு.

கங்காணிக்கு ஊரில் குடிசையும் இல்லை, உறவும் இல்லை. முத்தம்மா அக்கா பிறந்ததே இந்தத் தோட்டத்தில். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக, இவர்கள் குடியிருந்த அதே லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் கிடந்தாள். விட்டுவிட்டுப் போக முடியாது. கப்பலேற்றினால் இவர் ஒரு கரை, அவள் ஒரு கரை. அதைச் சொன்னபோது மட்டும் அவள் வேடிக்கையாகப் பேசவில்லை.

டாக்டர் வருகிற வரைக்கும் கங்காணி எதிரில் யாரும் சிரிப்பு வருகிற மாதிரி எதுவும் செய்யக்கூடாது என்று லயத்தில் கட்டுப்பாடு போட்டார்கள். அதுவே பெரிய ஆபத்தாகிவிட்டது. அவர் தலையைக் கண்டால் வாண்டுகள் கைகட்டி நின்றன. கள்ளுக்கடையில் குடிகாரர்கள் ஒருவரையொருவர் ஐயா போட்டுக் கூப்பிட்டு நலம் விசாரித்தார்கள். அதைப் பார்த்தே கங்காணிக்குச் சிரிப்பு முட்டியது. வீட்டுக்குப் பின்னாலிருந்த மிளகாய்ச் செடி மொட்டையாகிவிட்டது. முத்தம்மா அக்கா வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

டாக்டர் வந்தார். லயமே திரண்டு நின்றது. மொழிபெயர்க்க நான். முட்டியில் தட்டிப் பார்த்தார். உள்ளங்காலில் ஊசியால் கோடு இழுத்தார். அந்தக் கூச்சத்தை யாரால் தாங்க முடியும்? கங்காணி முன்னேற்பாடாக வாயில் அடக்கி வைத்திருந்த மிளகாயை மென்று தள்ளினார். முகம் கருங்கல். டாக்டர் அசந்துபோய் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. இது என்ன புது வியாதி என்று விரலால் சுரண்டி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். வேர்வையைத் துடைக்கப் போய் அதே விரலால் கண்ணைக் கசக்கிவிட்டார்.

அடேயப்பா, என்ன ஆட்டம்! ஒற்றைக் காலில் குதித்தார், கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது, தண்ணீர் கேட்டு இங்கிலீஷில் அலறினார். கூட்டத்தில் ஒரு பல் தெரியவில்லை. அத்தனை நாளாக அடைத்து வைத்திருந்த முத்தம்மா அக்காவின் வாய் அந்த நேரம் பார்த்துத் திறந்துகொண்டது.

"நம்ம சனத்தப் பாத்து ஒரு டாக்டரு அழுவுறது இன்னிக்குத்தான் லா."

கங்காணி விழுந்தார்.

பார்த்தீர்களா பார்த்தீர்களா என்று டிரசர் துள்ளினார். துரையின் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தேன், முகத்தில் ரத்தமே இல்லை. புருஷனைத் தன் வாயாலேயே கப்பலேற்றிவிட்டோமே என்று நின்றாள், பாவம். அதெல்லாம் ஒரு நிமிஷம்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு துரைக்கு முன்னால் போய்க் கையைத் தலைக்குமேல் கூப்பினாள். இது வியாதி இல்லை, சாமி வந்திருக்கிறது என்றாள்.

சாமி விஷயத்தில் துரை தலையிடமாட்டார். முன்பிருந்த துரை ஒருமுறை சாமியாடியவனை உதைக்கப் போய், மறுநாள் ஒரு ஆள்கூடப் பால் வெட்டப் போகவில்லை. இருந்தாலும் இவருக்குச் சந்தேகம். மாரியம்மன் திருவிழாவில் இவர் பார்த்த சாமிகள் குதித்தன, கத்தின, நாக்கைத் துருத்தின. இது ஏன் இப்படிக் கிடக்கிறது என்று தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"குதிக்கிறது மாரியாத்தா, துரை. இது பெருமாளு. அவரு படுத்துக்கிட்டுத்தான் வருவாரு."

அந்த லயத்தில் பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம் பேருக்குக்கூடக் கிடையாது. ஆனால் அத்தனை பேரும் ஒரே குரலில் கோவிந்தா போட்டார்கள். யாரோ தலைமாட்டில் தேங்காய் உடைத்தார். அக்கா காலடியில் உட்கார்ந்து சாட்சாத் மகாலட்சுமி மாதிரி காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். டிரசர் ஏதோ கத்தினார், கோவிந்தாவில் அமுங்கிப்போனார். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கீழே கிடந்த பெருமாளுக்கோ எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. உடம்பு கூடிவருகிற நேரத்தில் இன்னொரு கோவிந்தா கேட்கும், மறுபடி தொளதொளத்துவிடும். டாக்டர் மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் குனிந்து பார்த்தார். வலிப்பென்றால் கைகால் வெட்டும், இவனுக்கு ஒன்றும் வெட்டவில்லை, இது உங்கள் மத விவகாரம் என்று சொல்லிவிட்டு ஓடிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார். கார் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் பெருமாள் எழுந்தார்.

கப்பல் போயிற்று, கங்காணி தங்கினார். ஆனால் அக்கா மிரண்டுபோனாள். அன்றிலிருந்து வீட்டில் சோறு, தண்ணீர் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. கங்காணி நாற்காலியில் உட்கார்ந்தார், நிமிர்ந்து நடந்தார், ஒரு தடவைகூட விழவில்லை. ஆள் மட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"நீ சொன்னா கேப்பா தம்பி. அவ பேசாம இருக்குறதப் பாக்கவா நான் கப்பலேறாம இங்க கெடக்குறேன்?"

அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவரை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் நின்றபடி அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். குசுகுசுவென்று என்னவோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. பொத்தென்று விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நாமும் ஒரு கலியாணம் பண்ணிக்கொண்டால் என்ன என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.