ஆறிப்போன டீக்கு அழுதவர்கள்

கதை படிக்கிறவர்கள் கதாபாத்திரங்களின் மேல் போதிய இரக்கம் காட்டுவதில்லை என்று அரசாங்கத்துக்கு ஒரு நாள் கவலை வந்தது. கவலை வந்தால் அரசாங்கம் சும்மா இருக்காது, ஒரு வாரியம் வைக்கும். அப்படி உதித்ததுதான் வாசகர் இரக்க மேம்பாட்டு வாரியம். இனிமேல் ஒரு நாவல் பொது நூலகங்களுக்குள் நுழைய வேண்டுமானால், அதன் முக்கியக் கதாபாத்திரம் இரக்கத்துக்கு உரியவர்தான் என்று வாரியம் சான்று தர வேண்டும். வாரியத்தார் யாராவது படித்துவிட்டுக் கண்ணீர் விட்டால் சான்று உண்டு. விடாவிட்டால், விடுகிற மாதிரி திருத்திக்கொண்டு வரலாம்.

அழுவதற்கென்றே மூன்று பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஒருவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, அழவே கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வந்துவிட்டார். இன்னொருவர் அட்டையைப் பார்த்ததுமே அழுதுவிடுவதால், அவருடைய கண்ணீர் செல்லாது என்று கணக்குத் தணிக்கையில் ஆட்சேபம் வந்தது. மிஞ்சியவர் இரக்க அதிகாரி. அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

அவர் முன்னால்தான் நம் எழுத்தாளர் போய் உட்கார்ந்தார்.

நாவல், எழுத்தாளரை வளர்த்து ஆளாக்கிய அத்தையைப் பற்றியது. தெருவில் எல்லா வீட்டுக்கும் குழாய் வந்தது. அத்தை வீட்டுக்கு வர வேண்டிய குழாய் மட்டும் பக்கத்து வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது. மிச்சமுள்ள கொஞ்ச தூரத்துக்குக் குடிநீர் அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வேண்டும். அதற்காக அத்தை வருஷக்கணக்கில் கால் கடுக்க நிற்கிறாள். முட்டி வலியோடு தெருக்கோடியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறாள். நாலு பேர் இதைப் படித்து மனம் இரங்கி, அந்த அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேட்டால் அத்தைக்குத் தண்ணீர் வரும். எழுத்தாளர் பேனாவை எடுத்ததே அதற்காகத்தான்.

இரக்க அதிகாரி படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு ஒண்ணும் வரலைங்க. அந்தம்மாவுக்குச் சொந்த வீடு இருக்கு, சொந்த வீட்டுக்காரங்களுக்கு இரங்க விதியில இடமில்ல. அதுவும் போக, மூணாவது அத்தியாயத்துல கவுன்டர்ல எதிர்த்துப் பேசுறாங்க. எதிர்த்துப் பேசுறவங்க எப்படிப் பாவமா இருப்பாங்க?"

எழுத்தாளர் அத்தையை வாடகை வீட்டுக்கு மாற்றினார். வாயையும் அடைத்தார். நிஜத்தில் அத்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கக்கூடியவள். அந்த வாயை அடைத்தபோது அவருக்கே என்னவோ போல் இருந்தது. ஆனாலும் தண்ணீர் வரட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

அதற்கும் அதிகாரி மசியவில்லை. ஓர் இருமல் சேர்க்கச் சொன்னார், சேர்த்தார். ஒரு நாய் சேர்க்கச் சொன்னார், சேர்த்தார். பிறகு நாயைச் சாகடிக்கச் சொன்னார். நாய் சாகாத நாவலை அந்த வருஷம் யாரும் கையால் தொடுவதில்லை. வாசகர்கள் சட்டையில் 'உருகினேன்' என்று வில்லை குத்திக்கொண்டு திரிந்த காலம் அது. ஒரு நாய்க்கு ஒரு வில்லை. நிறைய வில்லை குத்தியவர்களுக்குக் கூட்டங்களில் முன்வரிசை.

நாய் செத்த அத்தியாயத்தில் அதிகாரி மூக்கை ஒரு தரம் உறிஞ்சினார். எழுத்தாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாய்க்குக் கொஞ்சம் வந்துச்சு," என்றார் அதிகாரி. "ஆனா அதுக்கு நாங்க சான்று தர முடியாது. அது கால்நடைத் துறை."

சொல்லிவிட்டு வெறுமனே பக்கங்களைத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுபோனார். அதில், கையெழுத்துப் போட வேண்டிய குடிநீர் அதிகாரி டீயை வாய்க்குக் கொண்டுபோகிறார். அந்த நேரம் பார்த்து அத்தை கவுன்டர் ஜன்னலில் தலையை நீட்டுகிறாள். அவள் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. எழுத்தாளர் நக்கலுக்கு எழுதிய இடம்.

"குடிக்காமலே கீழ வச்சிடுறாரே," என்றார் இரக்க அதிகாரி. குரல் கம்மியது. "இந்த வேலைக்கு வந்த நாள்லேருந்து நானும் சூடா ஒரு டீ குடிச்சதில்லைங்க. இதை இதுவரைக்கும் யார் எழுதினாங்க சொல்லுங்க?"

கண்ணாடிக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கி மேசையில் விழுந்தது. ப்யூன் ஓடி வந்து, அது காய்வதற்குள் சாட்சி சொல்ல இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

அந்தக் குடிநீர் அதிகாரி கதையில் வில்லனாயிற்றே என்று எழுத்தாளர் இழுத்தார். முக்கியக் கதாபாத்திரம் யார் என்பது எழுதுகிறவர் கையில்தானே இருக்கிறது என்றார் இரக்க அதிகாரி. எழுத்தாளர் அத்தையை நினைத்தார். அப்புறம் நாட்டிலுள்ள நூலகங்களை எல்லாம் நினைத்தார். அத்தைதான் ஜன்னலில் தலையை நீட்டுகிறாளே, கதையை விட்டு எங்கே போய்விட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், தண்ணீர் அப்போது அவர் ஞாபகத்தில் இல்லை.

குடிநீர் அதிகாரி நாயகனாகி, 'ஆறிய டீ' என்ற பெயரில் நாவல் வெளிவந்தது. ஊரே உருகியது. வில்லைக்குத் தட்டுப்பாடு வந்தது. குடிநீர் அலுவலக வரிசையில் நிற்கிறவர்கள் அதிகாரிக்காக ஃபிளாஸ்க்கில் சூடாக டீ எடுத்துக்கொண்டு போனார்கள். கவுன்டரில் அத்தை வாயைத் திறந்தபோது, தன் வீட்டிலும் குழாய் வறண்டு வரிசையில் நின்ற ஒருவர் அவளை அடக்கினார்.

"ஏம்மா, அந்த மனுஷன் டீயைக் குடிச்சு முடிக்கட்டுமே. உங்களுக்கு இரக்கமே கிடையாதா?"

இது காதுக்கு எட்டியதும் எழுத்தாளருக்குச் சுருக்கென்றது. நேரே குடிநீர் அதிகாரியிடம் போய், நாவலை எழுதியவர் என்று அறிமுகம் செய்துகொண்டு, அத்தைக்காகக் கையைக் கட்டி நின்றார். இந்த மனிதராவது இளகியிருப்பார் என்று ஒரு நப்பாசை.

"படிச்சேன் சார்," என்றார் குடிநீர் அதிகாரி, யாரோ கொடுத்த டீயை ஊதிக்கொண்டே. "மனசுல ஒட்டல. காலையில பதினோரு மணிக்கு நான் சீட்டுல இருக்கிற மாதிரி எழுதியிருக்கீங்க. நம்புற மாதிரியா இருக்கு?"

கையெழுத்துப் பேச்சு அதோடு முடிந்தது. எழுத்தாளர் அத்தை வீட்டுக்கு நடந்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், அவள் அந்தப் புத்தகத்தைக் கிழித்து முகத்தில் எறிந்தாலும் சரிதான் என்று தீர்மானித்திருந்தார். அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அத்தை அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து தண்ணீரோடு வந்து, வாளியை வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் 'ஆறிய டீ' விரித்தபடி கவிழ்ந்து கிடந்தது. அவள் கண் சிவந்திருந்தது.

"பாவம்டா அந்த மனுஷன்," என்றாள். "ஓயாம இருமிக்கிட்டு ஒருத்தி போய் நிக்கிறா பாரு, அவளைப் படிக்கிறப்போ எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. நானும் அப்படித்தானேடா போய் நின்னிருக்கேன். இனிமே கையெழுத்துன்னு கேட்டு அவரைப் படுத்த மாட்டேன்."

சுமந்து வந்த தண்ணீரில் பாதியைக் கெட்டிலில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். ஃபிளாஸ்க்கை எடுத்துத் துடைத்தாள். அந்த இருமல்காரியே நீங்கள்தான் அத்தை என்று சொல்ல எழுத்தாளர் வாயெடுத்தார்.

"ஆமா, அவர் டீக்குச் சர்க்கரை போட்டுப்பாரா, மாட்டாரா? அதை நீ எழுதவே இல்லையே," என்றாள் அத்தை.

"ரெண்டாம் பதிப்புல சேர்த்துடுறேன், அத்தை," என்றார் எழுத்தாளர்.