ஜெர்மன் அண்ணனும் ‘கெஸ்ட்’ என்ற ஒரு சொல்லும்

மதுரையில் யாரும் பசியோடு நடந்துபோக முடியாத ஒரே தெரு, எங்கள் ஹாஸ்டல் இருந்த தெருதான். காரணம், எங்களோடு தங்கியிருந்த ஜெர்மன் அண்ணன். வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்ததால் வந்த பெயர். அசல் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு சொல்லின் மேல் பைத்தியம். பல் விளக்கிக்கொண்டிருப்பவனைக்கூடப் பிடித்து நிறுத்துவார்.

“மாப்ள, இங்கிலீஷ்ல கெஸ்ட். ஜெர்மன்ல காஸ்ட். டச்சுக்காரன் தொண்டையைச் செருமி ஹாஸ்ட்டும்பான். ஸ்வீடன்ல யெஸ்ட். அம்புட்டும் ஒரே வயித்துப் பிள்ளைக. ஆதியில என்ன அர்த்தம் தெரியுமா? முன்னப்பின்ன தெரியாத ஆளு! அந்த ஆளுக்குச் சோறு போட்டுப் போட்டுத்தான் விருந்தாளின்னு ஆச்சு.”

வாயில் நுரையோடு தலையாட்டுவோம்.

சொல்லோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. நம் ஊரில் சாப்பிடும்போது யார் வந்தாலும் “வாங்க, சாப்பிடலாம்” என்போம். வந்தவரும் “இப்பத்தான் ஆச்சு” என்பார். அது சும்மா மரியாதைக்கு என்று இருவருக்கும் தெரியும். அண்ணன் மட்டும் விடமாட்டார். மீட்டர் பார்க்க வந்தவர், வழி கேட்ட சமயநல்லூர்க்காரர் என எல்லோரையும் கையைப் பிடித்து மெஸ்ஸில் உட்காரவைப்பார். கடைசியில் வருபவனுக்கு ரசம்தான் மிச்சம். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் நான்.

மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் வார்டன் கொதித்துவிட்டார்.

“இன்னொரு வெளியாள் இங்க சாப்பிட்டா, நீங்க ரூமைக் காலி பண்ணிரணும், ஆமா!”

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. மறுநாள் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்.

அப்போது வாசலில் ஒரு கூரியர்காரர், வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த வார்டன் பழக்கதோஷத்தில், “வாங்க தம்பி, சாப்பிடலாம்” என்றார்.

“சரிங்க சார், நல்ல பசி” என்று அவர் கைகழுவப் போய்விட்டார்!

வார்டனுக்கு விக்கல். அண்ணன் மெல்லத் தண்ணீரை நகர்த்தினார். “சார், நான் வாயே தொறக்கலை. கூப்பிட்டது நீங்க.”

கூரியர்காரர் சோற்றைப் பிசைந்து அள்ளி அள்ளிச் சாப்பிடுவதை வார்டன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அவருக்கு அப்பளம் வைக்கலையேப்பா” என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். காலி பண்ணும் பேச்சு அத்தோடு போயிற்று.

அண்ணன் இப்போது ஜெர்மனியிலேயே இருக்கிறார். அங்கே அவரையும் யாராவது கையைப் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட வேண்டுமே என்று, சாப்பிட உட்காரும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.