நடுக்கண்மாயில் ஒரு பாறை

தண்ணீரில் கால் வைத்து ஆழம் பார்த்த காலம் மலையேறிவிட்டது. எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளின் ரேடார் படத்தை வைத்தே கரையோரக் கடலின் தரையை வரைந்துவிடும் மகத்தான யுகத்தில் வாழ்கிறோம். அந்த யுகத்தில் தேனி மாவட்டமும் பின்தங்கிவிடவில்லை. கடல் இல்லை என்பது ஒரு சிறு குறைதான்.

‘ஆழம் குறைந்த கடற்படுகை வரைபடத் திட்டம்’ எல்லா மாவட்டங்களுக்கும் என்று சுற்றறிக்கை வந்தபோது, ஒருங்கிணைப்பாளர் விஜயபாண்டி கலங்கவில்லை. ‘கடல் இல்லை’ என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆகவே தேவாரத்துக்குக் கிழக்கே இருந்த கண்மாய் ஒன்றைக் கடலாக ‘வகைப்படுத்தி’, அன்று மாலையே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்தக் கண்மாய்க்குக் கீழேதான் சுல்தான் பீவியின் தென்னந்தோப்பு. கண்மாய் மண் மேவி, தண்ணீர் தங்காமல், தோப்புக் கிணறு வற்றி, இருநூறு மரத்தில் பாதி மொட்டையாக நின்றது. தூர்வாரச் சொல்லி மூன்று வருடமாக மனு கொடுக்கிறாள். இந்த வருடமும் போனால் மீதி மரமும் போய்விடும். மனுவின் தலைவிதி இனி வரைபடம் காட்டும் ஆழத்தின் கையில் என்று தெரிந்ததும், என்ன ஒத்தாசை வேண்டும் என்று அவளே போய்க் கேட்டாள்.

ஒத்தாசை தேவைப்பட்டது. ரேடார் தண்ணீருக்குள் பார்க்காது. மேலே ஓடும் அலைகளைத்தான் பார்க்கும். அலை அகலமாக இருந்தால் ஆழம் அதிகம், நெருக்கமாக இருந்தால் குறைவு என்று கணக்குப் போடும். கண்மாயோ சும்மா கிடந்தது. எனவே செயற்கைக்கோள் கடந்துபோகும் காலை ஆறு பத்துக்குப் ‘பொதுமக்கள் பங்களிப்புடன்’ அலை உண்டாக்குவதெனத் தீர்மானம் நிறைவேறியது.

கல்யாணங்களுக்குப் பிரியாணி ஆக்கும் பெரிய அலுமினியத் தேக்சாவை சுல்தான் பீவி ஜமாத்தில் கேட்டு வாங்கிவந்தாள். நடுக்கண்மாயில் நின்று அதை முக்கி முக்கித் தூக்கினாள். தண்ணீர் அவள் முழங்காலுக்குத்தான் இருந்தது, ஆனால் பாத்திரம் பெரிசு, அலையும் அகலம். விஜயபாண்டி கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் கடல் மாதிரி ஆட்டச் சொன்னார். இடுப்பு விட்டுப்போனாலும் அவளுக்கு உள்ளூர சந்தோஷம். வாயால் சொல்லிக் கேட்காத சர்க்காருக்கு, தான் நிற்கிற நிலையே சாட்சி சொல்லிவிடுமே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் வரைபடம் வந்தது. நீலமும் பச்சையுமாக அப்படி ஓர் அழகு. கூடவே மனுவுக்குப் பதிலும் வந்தது. அலுவலகத்துக்கு வந்த சுல்தான் பீவிக்கு விஜயபாண்டி எழுந்து நின்று வாசித்தார்: கண்மாயின் சராசரி ஆழம் ஒன்பது மீட்டர், ஆகவே தூர்வாரும் அவசியம் எழவில்லை, நடுவில் பாறை ஒன்று தென்படுவதால் கப்பல்கள் விலகிச் செல்லவும்.

“சார், அங்கன பாறையே கெடையாது. அது நானும் தேக்சாவும்.”

“படத்துல பளிச்சுனு விழுந்திருக்கேம்மா. பெரிய பெரிய ஆளுக பாத்துத்தான் பாறைன்னு போட்டுருக்காக.”

“ஒம்போது மீட்டர் ஆழத்துல நான் எப்படி சார் நின்னேன்? முழங்காத் தண்ணி. நீங்கதான கரையில நின்னு பாத்தீக.”

“பாத்தேன். ஆனா நான் பாத்ததுக்கு ரெக்கார்டு இல்லையேம்மா.”

சுல்தான் பீவிக்கு மொட்டை மரங்கள் கண்ணுக்குள் நின்றன. மேசையில் கையூன்றிக் கேட்டாள்.

“அம்புட்டு உசரத்துல இருந்து பாத்தா பாறையாத்தான் தெரிவேன், சரி. இங்கன உங்க மேசைக்கு முன்னாடி நிக்கையிலயும் அப்படியேவா சார் தெரியுறேன்?”

விஜயபாண்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கள நிலவரத்தைப் பதியாமல் விடுவது முறையல்ல என்று, கடமை தவறாமல் கோப்பைத் திறந்து எழுதினார்: ‘மேற்படி பாறை இடம்பெயர்ந்து அலுவலகத்துக்குள் வந்துள்ளது. அப்புறப்படுத்த ஆவன செய்க.’