பாலைமரத்து இளவரசி நாலாம் வாய்க்காலுக்கு வந்த விதம்

நாலாம் வாய்க்கால்,
கனகராயன்குளம் தபால் வழி.
ஆவணி, 1964.

பேரன்புக்குரிய மைத்துனர் கனகலிங்கம் அவர்களுக்கு யோகலிங்கம் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தங்கை அன்னபாக்கியமும் பிள்ளைகளும் மூன்று எருமைகளும் சுகம். கொழும்பில் தாங்களும் தங்கள் ஸ்ரூடியோவும் சுகமாயிருக்கக் குளக்கட்டுப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறோம். மரியாதைக்கு எழுதவேண்டியது இத்துடன் முடிந்தது. இனி வருவதைத் தாங்கள் தனியே இருந்து வாசிப்பது நல்லது.

தாங்கள் அனுப்பிய படப்பெட்டிகள் மாங்குளத்துக்கு ரயிலில் பத்திரமாக வந்து சேர்ந்தன. வழியிலே எங்காவது தொலைந்திருக்கக்கூடாதா என்று இப்போது நினைக்கிறேன். காடு வெட்ட வந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கமராவை வைத்துக்கொண்டு எங்களை ஆட்டிவைத்து எடுத்த படத்துக்குப் பதின்மூன்று வருடம் கழித்து ஒலி சேர்த்து முடித்துவிட்டீர்கள் என்றும், எடுத்த மண்ணிலேயே முதலில் காட்டவேண்டும் என்றும் தாங்கள் எழுதியபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். நான் ஒரு படத்தில் இளவரசனாக நடித்தவன் என்று இந்தக் குடியேற்றத்தில் நான் சொல்லாத ஆளும் இல்லை, அதை நம்பின ஆளும் இல்லை. ஆகவே முல்லைத்தீவிலிருந்து வந்து தெருவோரத்தில் படக்கொட்டகை போட்டிருக்கும் சரீப் முதலாளியைக் கண்டு பேசி, வீடு வீடாகப் போய், கலியாணத்துக்குச் சொல்வதுபோல எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். இந்த விஷயத்தில் பிழை என்னுடையதுதான் என்று தங்கள் தங்கை சொல்லுகிறா.

மச்சான், ஐம்பத்தோராம் ஆண்டிலேயே இந்தப் படம் வந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். இப்போது இங்குள்ள இளந்தாரிகள் வர்ணப்படம் பார்க்கிறவர்கள். அவர்களுடைய கதாநாயகன் காரிலே வந்து இறங்கி, இரண்டு அடி வைப்பதற்குள் ஆறு பேரை விழுத்துகிறவன். தாங்கள் அனுப்பிய இளவரசனோ ஒரு பாலைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒரு பானை சோறு வெந்து இறங்குகிற நேரம் பாடுகிறான். பாட்டு முடிந்ததென்று சனம் பெருமூச்சு விட, மரத்தின் மற்றப் பக்கத்துக்குப் போய் அடுத்த பாட்டைத் தொடங்குகிறான். அதுவும் என் குரலிலா? கொழும்பில் யாரைப் பிடித்துப் பேசவைத்தீர்களோ தெரியாது, நான் வாயை மூடிய பிறகும் அந்த மனிதன் பேசிக்கொண்டிருக்கிறான். நான் கோபமாகக் கை ஓங்கும்போது அவன் கொஞ்சுகிறான். அன்னபாக்கியம் பக்கத்திலிருந்து, "ஆரப்பா இவன் உங்கட வாய்க்குள்ளால கதைக்கிறது? நல்ல மரியாதையான ஆளாக் கிடக்கு," என்றா. இவ்வளவு காலத்தில் என் பேச்சை அவா இப்படி ஒருநாளும் பாராட்டியதில்லை.

காட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நாங்கள் கிழமைக்கு ஒருநாள் படம் எடுத்தோம், மற்ற நாளெல்லாம் அதே காட்டை வெட்டினோம். அது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. படத்திலே இளவரசன் அடர்ந்த காட்டுக்குள் நுழைகிறான். வெளியே வரும்போது காடு இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் அடிக்கட்டை. அரக்கன் காட்டைத் தின்றுவிட்டான் என்று ஒரு வரியைச் சேர்த்திருக்கிறீர்கள், கேட்டேன். கொட்டகையில் ஒருவரும் நம்பவில்லை.

இனி இளவரசிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நடிக்கப் பெண்பிள்ளை கிடைக்காமல் வீரகத்திக்கு அன்னபாக்கியத்தின் கூறைச்சேலையை உடுத்தி நிறுத்தினீர்கள். அப்போது அவருக்கு அரும்பு மீசைகூட இல்லை. இப்போது இருப்பது தாங்கள் கண்டிராத மீசை. அதுவுமல்லாமல் அவர் எங்கள் பயிர்ச்செய்கைக் குழுவின் தலைவர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று அவர் வாயால் சொன்னால்தான் உண்டு. அப்பேர்ப்பட்ட மனிதர் முன்வரிசைக் கதிரையில் இருக்க, எதிரே வெள்ளைத்திரையில் அவரே இடுப்பை ஒடித்துக்கொண்டு, தாங்கள் சேர்த்த பதினாறு வயதுக் குரலில், "சுவாமி, என்னை மறந்துவிடாதீர்கள்," என்று கண்ணைக் கசக்கினார். கொட்டகை இடிந்து விழுகிறதுபோலச் சிரிப்பு. வீரகத்தி சிரிக்கவுமில்லை, எழும்பிப் போகவுமில்லை. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர்போல இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பிறகு யானை வந்தது. மச்சான், நானும் வீரகத்தியும் கைகோத்துப் பாடிய இடத்தில், எங்களுக்குப் பின்னால் ஒரு கொம்பன் வந்து நின்று, பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறது. கமராவுக்குப் பின்னால் நின்ற தாங்கள் அதைக் கண்டிருக்கிறீர்கள். கண்டும் ஒரு சொல் சொல்லவில்லை. "ஓடு யோகலிங்கம், ஓடு!" என்று கொட்டகை முழுவதும் கத்தியது. அன்னபாக்கியம் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டா. நான் அவாவுக்குப் பக்கத்தில் நாற்பது வயதுத் தொந்தியோடு இருக்கிறேன் என்பது அவாவுக்கு அந்த நேரம் தெரியவில்லை. திரையில் நிற்கிற மெலிந்தவன் தப்பவேண்டும், அதுதான் அவாவின் கவலை. யானை திரும்பிக் காட்டுக்குள் போனதும் அவா விட்ட மூச்சு என் காதில் பட்டது.

அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. சோளகக் காற்றில் திரை அசைந்துகொண்டிருந்தது. படத்திலே, திருத்துமுன் உடைந்துகிடந்த எங்கள் குளமும் சேர்ந்து அலையடித்தது. பின்னாலிருந்து ஒரு ஆள், "உது எங்கட நாலாம் வாய்க்கால் எல்லே," என்று மெல்லச் சொன்னார். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் காணியைக் கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள். பரமலிங்கத்தின் வீடு இருக்கிற இடத்தில் இரண்டு மான் நின்று எங்களைப் பார்த்தன. கூட்டுறவுச் சங்கக் கடை இருக்கிற இடத்தில் ஒரு வீரைமரம், உச்சி படத்துக்குள் அடங்காத உயரம். அதை வெட்டி விழுத்தியவர்களில் மூன்றுபேர் அங்கேயே இருந்தார்கள். படம் முடிந்து வீட்டுக்கு நடக்கையில், வெட்டவெளி வரம்பிலே சனம் வளைந்து வளைந்து போனதை நான் கண்டேன். இல்லாத மரங்களுக்கு ஒதுங்கி நடந்தார்கள். அன்னபாக்கியம் ஒரு இடத்தில் தலையைக் குனிந்து, கிளையை விலக்குவதுபோலக் கையை உயர்த்தினா. "என்னப்பா?" என்றேன். "ஒண்டுமில்லை," என்றா.

இது இவ்வளவோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியே இருக்கமாட்டேன். விடிந்ததும் வீரகத்தியின் பாடு தொடங்கியது. வயலுக்குப் போனால் "சுவாமி, என்னை மறந்துவிடாதீர்கள்" என்று வரம்புக்கு வரம்பு குரல். சங்கக் கடையில் அவருக்கு முதலில் வழி விட்டார்கள், பெண்பிள்ளைகளுக்கு விடுவதுபோல. தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கக் கூட்டம் வைக்கவேண்டிய நேரம் இது. சிரிக்கிற சனத்தை வைத்துக்கொண்டு அவர் எப்படிக் கூட்டம் நடத்துவார்? நாள் குறிக்காவிட்டால் விதைப்புப் பிந்தும், விதைப்புப் பிந்தினால் கடைசி வாய்க்கால்காரருக்கு நெல்லே இல்லை. ஒருநாள் மத்தியானம் அவர் என் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார்.

"யோகு, உந்தப் படத்தைக் கொளுத்தப் போறன். நீயும் வாறாயோ?"

"கனகலிங்கத்தாரின்ர பதின்மூன்று வருச உழைப்பெல்லே?"

"என்ர மானமும் பதின்மூன்று வருச உழைப்புத்தான்."

எனக்கும் அந்தக் கொழும்புக்காரன் குரலை இனிக் கேட்க விருப்பமில்லை. போனேன். தாங்கள் என்னை மன்னிக்கவேண்டும். அன்னபாக்கியம் குசினிக்குள்ளிருந்து, "நெருப்புப்பெட்டியை மறந்திட்டுப் போறியள்," என்று கூப்பிட்டுத் தந்தா. தன் கூறைச்சேலை வீரகத்திக்கு அவ்வளவு எடுப்பாக இருந்ததை அவாவால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

கொட்டகைக்குள் யாரோ இருந்தார்கள். வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே கூடாரத்து ஓட்டைகளால் விழுந்த வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் திரையெங்கும் கிடந்தது. சரீப் முதலாளி இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார், ஒலி இல்லாமல். படம் அவ்வளவு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. ஆவி பறப்பதுபோல மங்கலாக அசைந்தது. வெறும் வாங்குப் பலகைகளுக்கு நடுவே இரஞ்சிதம் தனியே இருந்தா.

இரஞ்சிதத்தைத் தங்களுக்கு நினைவிருக்கும். எங்களோடு காடு வெட்டிய சிற்றம்பலத்தின் பெண்சாதி. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் மாடுகளை அவிழ்த்துவிடப் போன சிற்றம்பலம் திரும்பவில்லை என்று அப்போதே எழுதியிருந்தேன். அந்த வெள்ளம் வீட்டோடு கலியாணப் படத்தையும் கொண்டுபோனதை எழுதவில்லை. சிற்றம்பலத்தின் முகம் ஒரு துண்டுக் கடதாசியிலும் இந்த உலகத்தில் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தங்கள் படத்தில் அரண்மனைக் காவற்காரனாக அவர் வேலோடு நிற்கிறார், இளவரசன் வர வணங்குகிறார், ஏதோ சொல்லுகிறார். அவ்வளவுதான், ஒரு கொட்டாவி விடுகிற நேரம்.

"பின்னேரத்தில ஆக்கள் சிரிக்கினம், அவவால வடிவாப் பாக்க ஏலாமக் கிடக்காம்," என்று சரீப் முதலாளி எங்களிடம் மெல்லச் சொன்னார். "அதுதான் மத்தியானத்தில வரச் சொன்னனான். அந்தத் துண்டை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டுறன்."

வீரகத்தி தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வாங்கின் ஓரத்தில் இருந்தார். நானும் இருந்தேன். சிற்றம்பலம் வணங்கினார், பேசினார், மறைந்தார். மறுபடியும் வந்தார். வெயில் பொட்டுகள் அவருடைய நெற்றியிலும் தோளிலும் நின்றன. மேகம் மறைத்தால் முகம் தெளிந்து வந்தது, வெயில் திரும்பினால் கரைந்து போனது.

இரஞ்சிதம் திரும்பாமலே கேட்டா. "அண்ணை, உதில இவர் என்ன சொல்லுறார்?"

"'மன்னர் வாழ்க' எண்டெல்லே பிள்ளை வருகுது," என்றார் சரீப் முதலாளி.

"அது கொழும்பில ஆரோ சொல்லுறது. இவரின்ர வாய் அப்பிடிப் போகேல்லை. இவர் வேற என்னவோ சொல்லுறார். நீங்கள் ரெண்டுபேரும் அங்கை நிண்டனீங்கள்தானே?"

நான் வாயெடுக்குமுன் வீரகத்தி முந்திக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. நான் மரத்துக்குப் பின்னால நிண்டனான். நல்லாக் கேட்டது. 'கெதியா முடியுங்கோவன், இரஞ்சிதம் சாப்பிடாமக் காத்துக்கொண்டிருப்பாள்' எண்டவர்."

இரஞ்சிதம் திரையைப் பார்த்தபடியே இருந்தா. சிற்றம்பலம் இன்னொருமுறை வந்து, அதையே சொல்லிவிட்டுப் போனார். இப்போது எனக்கும் அது அப்படியே கேட்டது, மச்சான். சத்தியமாகக் கேட்டது.

"காத்திருந்தனான்தான்," என்றா இரஞ்சிதம். "எத்தினை ஞாயிறு. சோறு ஆறிப்போச்செண்டு வாயில வந்தபடி பேசியிருக்கிறன். அந்த மனுசன் ஒரு சொல்லும் திருப்பிக் கதைச்சதில்லை." பிறகு வாய்விட்டுச் சிரித்தா. ஏழு வருடத்தில் அவா சிரித்து நான் கேட்டது அன்றுதான். சரீப் முதலாளி இயந்திரத்தை நிறுத்தாமல் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படம் கொளுத்தப்படவில்லை என்பதை இதனால் தாங்கள் அறியலாம். மறுநாள் குழுக்கூட்டம். வீரகத்தி எழும்பினதும் பின்னாலிருந்து ஒரு இளந்தாரி வழக்கம்போல, "இளவரசி கதைக்கப் போறா!" என்றான். வீரகத்தி மீசையை ஒருதரம் தடவிவிட்டு, "ஓமடா, இளவரசிதான் சொல்லுறன். புரட்டாதிக் கடைசியில தண்ணி. கடைசி வாய்க்காலுக்கு முதல்ல," என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் அது வேறு சிரிப்பு. நாளும் நிச்சயமாகிவிட்டது. சரீப் முதலாளியும் தன் வர்ணப்படத்தைப் பின்னுக்குத் தள்ளி, தாங்கள் அனுப்பியதையே இந்தக் கிழமையும் ஓட்டுகிறார். சனம் தங்கள் காணியில் மான் நிற்பதைப் பார்க்கத் திரும்பத் திரும்ப வருகிறது. பளையிலிருந்துகூட ஒரு வண்டில் வந்தது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். படப்பெட்டிகள் தங்களிடம் திரும்பி வந்ததும், சிற்றம்பலம் வருகிற துண்டிலிருந்து ஒரு படம் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு அனுப்பிவைக்கவும். அந்தத் துண்டின் எல்லாப் படத்திலும் அவர் வாய் திறந்தபடிதான் இருக்கிறது, வாய் மூடினதாய் ஒன்று தேடச் சொல்லி எழுதட்டுமா என்று இரஞ்சிதத்தைக் கேட்டேன். "வேண்டாம் அண்ணை, கதைச்சுக்கொண்டே இருக்கட்டும்," என்றா.

தங்கள் தங்கையின் அன்பும், பிள்ளைகளின் வணக்கமும், இளவரசியின் விசாரிப்பும் இத்துடன் வருகின்றன. மழை காலத்துக்குப் பெய்யவும் தங்களுக்கு எல்லா நலமும் கூடிவரவும் இறைவன் துணை.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
க. யோகலிங்கம்.

பின்குறிப்பு: அந்த ஞாயிற்றுக்கிழமை வீரகத்தி மரத்துக்குப் பின்னால் நிற்கவில்லை. காய்ச்சலென்று குடிலில் படுத்திருந்தார். சிற்றம்பலத்துக்கு முன்னால் நின்றவன் நான்தான். அவர் சொன்னது, "டேய் யோகு, கிரீடத்தைப் பின்முன்னாப் போட்டிருக்கிறாய்." அடுத்த கணம் நான் அதைத் திருப்பிப் போடுவது படத்தில் நன்றாகத் தெரிகிறது. ஆகவே படம் பெரிதாக்குமுன், நான் தலையில் கை வைக்கிற அந்தச் சின்னத் துண்டைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். இவ்வளவு எழுதினேனே, தங்களுக்குப் பதில் எழுதத் தோன்றினால், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதவேண்டாம். கடிதங்களை அன்னபாக்கியம் உரத்து வாசிக்கிறவா, இரஞ்சிதம் பக்கத்து வீடு.