சாளை கூவும் பெட்டி

பெட்டி கூவியது. ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஏசுஅடிமைக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாகத் தேங்காய்ப்பட்டணத்தில் மீன் எடுத்து, தக்கலைப் பக்கத்துத் தெருக்களில் தொண்டை கிழியக் கூவி விற்கிறவர் அவர். கிழிந்த தொண்டைக்கு ஒரு மாசம் ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். கூவாவிட்டால் வாடிக்கை கைவிட்டுப் போய்விடும் என்று அவருக்குக் கிலி பிடித்துவிட்டது.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினன் டெல்வின்தான் வழி சொன்னான். செல்போனில் கிடந்த அவருடைய பழைய கூவலை, தீப்பெட்டி அளவு மைக்ரோகண்ட்ரோலர் பலகை ஒன்றில் ஏற்றி, பழைய ரேடியோ ஸ்பீக்கரோடு இணைத்து, மீன்பெட்டி மேல் கட்டிவிட்டான். முதல் நாள் வியாபாரம் பாதிகூட ஆகவில்லை.

"பலகையிலேருந்து நேரா குடுத்தா சத்தம் இவ்வளவுதான் அத்தான். ஒரு டிரான்சிஸ்டர் போட்டா கூடும். ஆனா கூடவே 'கீ'ண்ணு ஒரு இரைச்சல் வருது, அதுவும் கூடும். கண்டென்சர் ஒண்ணு போட்டா அது போவும்."

"எனக்கு ஒரு இரைச்சலும் கேக்கல்லியே" என்றார் ஏசுஅடிமை காற்றுக்குரலில்.

"மனுஷருக்குக் கேக்காது."

"கேக்காத சத்தத்துக்கு எதுக்கு மக்கா கண்டென்சர்? நீ கூவலைக் கூட்டு."

டெல்வின் கூட்டினான். கூட்டிய அவசரத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டான். மறுநாள் "சா...ளை...யே..." என்று பெட்டி பாதாளத்திலிருந்து இழுத்தது. தெருவே சாவு அறிவிப்பு என்று நினைத்துக் கதவைத் திறந்தது.

"ஆரு மரிச்சது?"

"அடக்கம் எப்பம்?"

சத்தமாகப் பேச முடியாத ஏசுஅடிமை மீன்பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லாரும் சாளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் வேகம் சரியாயிற்று. ஸ்பீக்கரும் பெரிதாயிற்று. கூவல் நாலு தெருவுக்குக் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. தினமும் அவர் காலைச் சுற்றி வருகிற நேசபாய் வீட்டுப் பூனைகூட மதில் ஏறிக் குதித்து வீட்டுக்குள் ஓடியது. பூனைக்குமா தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவருக்கு அழுகையே வந்தது.

ஐஸ் உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. இனி வெட்கம் பார்த்துப் பயனில்லை என்று பெட்டியை அணைத்துவிட்டு நேசபாய் வீட்டு கேட்டைத் தட்டினார்.

"அட, வந்திருக்கியா? இண்ணைக்கும் மீன் இல்லையேண்ணு இப்பந்தான் முட்டை வாங்குனேன்" என்றாள் நேசபாய்.

"அக்கா, பன்னெண்டு வருசமா எனக்க கூவலக் கேட்டு வாறவிய நீங்க. அதவிடப் பெரிய சத்தமால்லா இந்தப் பெட்டி கூவுது. பெறவு ஏன் ஒருத்தரும் வெளிய வரல்ல?"

நேசபாய் அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"உனக்க கூவலை ஆரு மக்கா கேட்டா? பூனை எழும்பி கேட்டுக்கு ஓடுனா மீன் வந்தாச்சுண்ணு தெருவே சட்டிய எடுக்கும். அதுதான் மூணு நாளா இந்த நேரமானா கட்டிலுக்கு அடியில ஓடி ஒளியுதே."