எட்டரை பஸ்ஸில் ஒரு கர்ப்பம்

“எத்தனாவது மாசம்மா?” என்று கண்டக்டரம்மா கேட்டதில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. குச்சி போன்ற அந்த உடம்புக்குள் அத்தனை பெரிய தொண்டை!

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு ‘இது வெறும் தொப்பை’ என்று சொல்லத்தான் வாய்வரை வந்தது. அதற்குள் வாத்தியார் ஒருவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டார். பத்து மணி நேரம் நிற்கப் போகிற கால்கள் அவளைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டன.

“அஞ்சு” என்றாள்.

உண்மையில் அவளுக்கு இருந்தது சினைப்பைக் கோளாறு. ஏழு மாதமாக மாதவிலக்கு இல்லை.

“இந்தக் கோளாறு சிலருக்கு எடையை ஏத்தும். ஏறின எடை கோளாறை இன்னும் கிளறி விடும். உங்க தப்பு இல்லம்மா” என்று டாக்டர் சொல்லியிருந்தார். “நாலஞ்சு கிலோ குறைஞ்சாலே சரியாக வாய்ப்பிருக்கு. தினமும் நடங்க.”

நாத்தனார் மட்டும் ‘தின்னே பெருத்தவ’ என்று எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கலாம் என்று எழுந்தாள்.

“வயித்துப்பிள்ளைக்காரி வெயில்ல நடக்கறதா? டிரைவர், நிறுத்தாதீங்க!” என்று வாத்தியார் அலறினார். டிரைவரும் நிறுத்தவில்லை.

அதனால் மாலையில் வீடுவரை நடந்தாள். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. வந்தது வினை.

“ஏழாவது மாசத்துல வயிறு உள்ள போகுதே?” பின் சீட்டு நர்ஸ் புருவத்தைச் சுருக்கினாள்.

அடுத்த நாள் ஒரு துண்டை மடித்து வயிற்றில் கட்டிக்கொண்டாள். அடுத்த மாதம் இரண்டு. இளைத்த குற்றத்துக்காகத் தொப்பை வைத்துக் கட்டியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும், பாவம்.

“குழந்தை அசையுதா?”

“அசையுது.”

துண்டு அப்போதுதான் நழுவிக்கொண்டிருந்தது. ஆகவே அது பொய்யில்லை.

ஒன்பதாம் மாதம் வாத்தியார் பெயர்ப் பட்டியலோடு வந்தார். ஆணுக்குப் பதினைந்து, பெண்ணுக்குப் பதினெட்டு. நர்ஸ் தானே பின்னிய குட்டி ஸ்வெட்டரை அவள் மடியில் வைத்தாள். அக்கா அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஏங்குகிறவள்தானே அவளும்! பதினொரு மாதம் கழித்து நேற்றுத்தான் மாதவிலக்கு வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லக்கூட இந்த பஸ்ஸில் வழியில்லை.

அன்று தன் நிறுத்தத்தில் இறங்காமல் கடைசிவரை போனாள். எல்லோரும் இறங்கியதும் துண்டுகளை உருவி மடியில் போட்டாள்.

“கண்டக்டரம்மா, எல்லாம் பொய். எனக்கு சினைப்பைக் கோளாறு. நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இதுல ஏறுவேன்? வேலைக்குப் போக வேற பஸ்ஸும் இல்ல.”

கண்டக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை ஒழுங்காக மடித்துக் கொடுத்தாள்.

“மொத நாளே தெரியும்மா, நீங்க பாத்த டாக்டர்கிட்ட அதே கோளாறுக்கு உங்களுக்கு அடுத்த டோக்கன் என்னுதுதான், நாளெல்லாம் நிக்கறவளுக்கு எடம் குடுங்கன்னா ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்களேன்னுதான் எத்தனாவது மாசம்னு அவ்வளவு சத்தமா கேட்டேன்!”