நடக்க மாட்டாத மெக்கானிக்

நடக்க மாட்டேன் என்று லிஃப்ட் மெக்கானிக் டாக்டரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்தார். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறதாம். மாத்திரை போட வேண்டுமாம், சிகரெட்டை விட வேண்டுமாம், உப்பைக் குறைக்க வேண்டுமாம். அத்தனைக்கும் தலையாட்டினார். தினமும் வேர்க்க வேர்க்க நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பரிசோதனையில் ஆபரேஷன் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும் என்றதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

மனிதன் காலுக்கு வேலை வைக்கக் கூடாது என்பதற்காகவே ஆயுளில் பாதியை லிஃப்டுகளின் கிரீஸ் கறையில் கழித்தவர் அவர். அவரைப் போய் நடக்கச் சொல்வதா? தொழிலையே அவமானப்படுத்துகிற பேச்சு.

வீட்டில் மனைவி கெஞ்சிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். புது ஷூ வாங்கி வந்தாள். அதை அவர் கட்டிலுக்கு அடியில் உதைத்துத் தள்ளினார். அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்துப் பார்க்கிற அளவுக்கு அவளுக்குப் பயம். அதைச் சொன்னதற்கும் வள்ளென்று விழுந்தார்.

ஒருநாள் கெஞ்சலை நிறுத்திவிட்டாள். சண்டையைத் தொடங்கினாள்.

சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய வேண்டியதுதான், ஆரம்பித்துவிடுவாள். செருப்பை ஏன் வாசல் நடுவில் விட்டீர்கள் என்பாள். குழாய் சொட்டுகிறதே, லிஃப்டைச் சரிபண்ணுகிற கைக்கு இது தெரியாதா என்பாள். எதுவும் எடுபடாவிட்டால் கடைசி அஸ்திரம் ஒன்று வைத்திருந்தாள்.

"உங்க அக்கா போன் பண்ணா மட்டும் குரல் ஏன் அப்படி இளகுது?"

"என் அக்காவை இழுக்காதே."

"நான் எங்க இழுத்தேன்? அவங்களை இழுக்க நாலு பேர் வேணும்."

"வாயை மூடு. இல்லேன்னா வெளியே போயிடுவேன்."

"போங்களேன். யாரு கையைப் பிடிச்சா?"

கோபம் வந்தால் அவர் கை நீட்ட மாட்டார், பாத்திரத்தை வீச மாட்டார். விருட்டென்று வீட்டை விட்டு வெளியேறிவிடுவார். வாசலில் செருப்பைக் காணோம், பாழாய்ப்போன புது ஷூதான் கிடந்தது. ஆத்திரத்தில் அதையே மாட்டிக்கொண்டார். லிஃப்டுக்குக் காத்திருக்கவும் பொறுக்கவில்லை. படியில் தடதடவென்று இறங்கி, அக்காவைச் சொன்ன சொல்லுக்குப் பதிலைத் தெருவெல்லாம் முணுமுணுத்தபடி ஆற்றுப் பாலம் வரை போய், சட்டை நனையத் திரும்பினார். அகோரப் பசி. தட்டில் உப்பில்லாத காய்கறி. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் தின்று தீர்த்தார். நாளைக்கு இவள் என்ன சொன்னாலும் அசையக் கூடாது என்று முடிவெடுத்துப் படுத்தார். மறுநாளும் பாலம் வரை போனார். அதற்கு மறுநாளும்தான்.

பரிசோதனை நாளன்று, டாக்டர் ஓடும் பட்டைக் கருவியின் மேல் நடக்கவிட்டுப் பார்த்து முடித்ததும், மெக்கானிக் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவதான் காரணம் டாக்டர். தினம் சாயங்காலம் என்னை வீட்டை விட்டுத் துரத்தறா. பாலம் வரைக்கும் போயிட்டு வந்தாத்தான் எனக்கு ஆத்திரமே அடங்குது."

டாக்டர் மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். நெஞ்சு வலி எப்படி என்று டாக்டர் கேட்டார். இவளைத் திட்டவே நேரம் போதவில்லை, இதில் வலி எங்கே வருகிறது என்று மெக்கானிக் சீறினார். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஆபரேஷனுக்கு இப்போது அவசியமில்லை, மாத்திரையையும் நடையையும் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

"நடையா? நான் எங்க நடந்தேன்?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. பக்கத்தில் அவளுக்குக் கண் நிறைந்திருந்தது. அவருக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இதற்குப் போய் பெற்ற தாய்போல வளர்த்த அக்காவையா இழுப்பது?

"அப்போ என் அக்காவைச் சொன்னது?"

"அவங்ககிட்ட கேட்டுக்கிட்டுத்தாங்க ஆரம்பிச்சேன். அந்த நாலு பேர் வசனம் அவங்க சொல்லிக்கொடுத்தது."

மெக்கானிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இனி உன்னோடு ஒரே வண்டியில் வர மாட்டேன் என்று கத்திவிட்டு, லிஃப்டைத் திரும்பியும் பார்க்காமல் படியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். பின்னால் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்பாடா, இன்னிக்குச் சாயங்காலம் எனக்கு லீவு டாக்டர்."